நான்கெழுத்து 'த்ரூ' அலுவல் ஆங்கிலத்தில் செல்லுமா?

அறிக்கையில் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் 'த்ரூ'வை யூ-வோடு நிறுத்தி நான்கெழுத்தில் முடிப்பதா, ஓ-யூ-ஜி-எச் போட்டு ஏழெழுத்தில் எழுதுவதா? கேள்வி சின்னதுதான். ஆனால் அதன் பின்னாலேயே ஒரு கூட்டம் வந்து நிற்கும்: மூன்றெழுத்து 'தோ', நான்கெழுத்து 'நைட்', நான்கெழுத்து 'லைட்', ஐந்தெழுத்து 'டோனட்', ஏழெழுத்து 'கேட்டலாக்', ஒரே சொல்லாக ஒட்டிய 'ஆல்ரைட்'. எல்லாமே ஸ்பெல்லிங்கைக் குறைத்து எழுதியவைதான் என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. 'கேட்டலாக்' அமெரிக்க ஆங்கிலத்தில் முழு மரியாதையுள்ள சொல். 'நைட்' கடைப் பலகையைத் தாண்டி வந்தால் பிழை.

எழுதுகிறவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எப்போதும் நீள வடிவத்தையே எழுதுவது ஒன்று. அமெரிக்க ஆங்கிலமோ பிரிட்டிஷ் ஆங்கிலமோ ஒன்றைத் தேர்ந்து, அதன் அகராதி தலைச்சொல்லாகத் தரும் வடிவத்தைப் பின்பற்றுவது இரண்டாவது. உச்சரிப்புக்கு நெருக்கமாக இருக்கிறதே என்று குறுகிய வடிவத்தை எங்கும் தாராளமாகப் புழங்குவது மூன்றாவது. எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி. முதல் வழி பார்ப்பதற்குப் பத்திரமானதாகத் தெரியும். ஆனால் அதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. மூன்றாவது வழிக்குச் சில துறைகளில் மட்டும் உரிமம் கிடைத்திருக்கிறது, அங்கே அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் விநோதம்.

மூன்றாவது வழியிலிருந்தே தொடங்கலாம். அதன் வாதம் கேட்பதற்கு நியாயமாக இருக்கும், அதை முயன்று பார்த்தவர்களும் சாமானியர்கள் அல்ல. அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கம் 1898இல் பன்னிரண்டு சொற்களுக்குக் குறுகிய ஸ்பெல்லிங்கை ஏற்றது. நான்கெழுத்து 'த்ரூ', மூன்றெழுத்து 'தோ', 'ஆல்தோ', 'தரோ' ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. 'புரோகிராம்', 'கேட்டலாக்' இரண்டும் அதே பட்டியலில்தான் இருந்தன. 1906இல் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எளிய ஸ்பெல்லிங் வாரியம் ஒன்று உருவாகி, 300 சொற்களின் பட்டியலை வெளியிட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு அச்சகம் அந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவே போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, டிசம்பருக்குள் அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிறகு 1934இல் 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ், உரிமையாளர் ராபர்ட் மெக்கார்மிக்கின் பிடிவாதத்தால், செய்திப் பக்கங்களிலேயே 'த்ரூ', 'தோ' போன்றவற்றைக் குறுக்கி அச்சிடத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இழுத்துப் பிடித்துவிட்டு 1975இல் கைவிட்டது.

ட்ரிப்யூன் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு, 1935இல், பெரியார் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அங்கும் ஒரு பத்திரிகை தன் விருப்பப்படி மாற்றி எழுதியது, இங்கும் அப்படித்தான். முடிவு மட்டும் வேறு. தமிழகத்தில் 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டது, பாடநூல் மாறியது, துதிக்கை போட்ட பழைய 'லை', 'ணை' ஒரு தலைமுறைக்குள் பழம்பொருளாயின. ஆங்கிலத்துக்கு அப்படி ஆணையிட ஒருவரும் இல்லை. அமெரிக்க அதிபராலேயே தன் அச்சகத்துக்கு வெளியே ஒரு சொல்லை அசைக்க முடியவில்லை. பத்திரிகை ஒரு ஸ்பெல்லிங்கை அச்சிட, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அதே ஸ்பெல்லிங்குக்குச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டால், வெல்வது சிவப்பு மைதான். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு குறுகிய வடிவம் செல்லுமா என்று கேட்டால், அதன் தர்க்கத்தைப் பார்த்துப் பயனில்லை. அதை ஏற்றுக்கொண்டு முத்திரை போட்டது யார் என்று பார்க்க வேண்டும். முத்திரை மூன்று இடங்களிலிருந்து வரலாம்: பொது அகராதி, துறையின் பெயரிடும் அமைப்பு, நீங்கள் எழுதி அனுப்பும் நிறுவனத்தின் நடைக் கையேடு.

தர்க்கம் ஏன் உதவாது என்பதற்கு ஓர் உதாரணம். 'டிலைட்' என்ற சொல்லில் வரும் ஜி-எச் பிறப்பிலேயே வந்ததல்ல. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் அந்த இரண்டு எழுத்தும் கிடையாது. 'லைட்' போலத் தெரியட்டும் என்று 16ஆம் நூற்றாண்டில் யாரோ செருகியவை. அதாவது ஜி-எச் இல்லாத 'டிலைட்'தான் பழைய வடிவம். அதற்காக இன்று அப்படி எழுதிப் பாருங்கள், எந்த ஆசிரியரும் விடமாட்டார். இன்னொரு பக்கம், 'டில்' என்ற சொல்லை 'அன்டில்' என்பதன் சுருக்கம் என்று நினைத்து அலுவல் கடிதத்தில் தவிர்க்கிறவர்கள் பலர். உண்மையில் 'டில்'தான் மூத்தது. இரண்டு எல் போட்ட 'டில்' தாராளமாகச் செல்லும். முன்னால் மேற்கோள் குறி வைத்து ஒற்றை எல் போடும் வடிவம்தான் பேச்சு வழக்கு.

இனி அகராதி முத்திரை. 1898இன் பன்னிரண்டில் முழுதாகக் கரையேறியவை 'புரோகிராம்', 'கேட்டலாக்' என்ற இரண்டுதான் என்று சொல்லலாம். 'புரோகிராம்' ஜெயித்ததில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழெழுத்து வடிவம் பிரிட்டனிலேயே முன்பு வழங்கியது. எம்-இ சேர்த்த ஒன்பதெழுத்து வடிவம் பிரெஞ்சு மோகத்தில் பிறகு வந்தது. இன்று அமெரிக்காவில் எல்லாப் பொருளுக்கும் ஏழெழுத்து. பிரிட்டனிலும் இந்தியாவிலும் கணினி நிரலுக்கு ஏழெழுத்து, விழா நிகழ்ச்சிக்கும் அரசுத் திட்டத்துக்கும் ஒன்பதெழுத்து. ஒரே அறிக்கையில் இரண்டும் வரலாம், பிழையல்ல. 'பயிற்சித் திட்டத்தில் மாணவர்கள் எழுதிய நிரல்' என்று பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே வாக்கியத்தில் சரியாகவே நிற்கும். கண்ணுக்கு உறுத்துகிறதே என்று ஒன்றாக்கினால்தான் தப்பு.

'டயலாக்' சொல்லும் இதே வகை. திரையில் தோன்றும் பெட்டியைக் குறித்தால் அமெரிக்க மென்பொருள் ஆவணங்களில் ஆறெழுத்து. இரு தரப்பு உரையாடலைக் குறித்தால் அமெரிக்காவிலும் எட்டெழுத்துதான் பெரும்பான்மை. 'அனலாக்' மின்னணுவியலில் ஆறெழுத்து. ஒரு வேதிப்பொருளின் ஒத்த வடிவத்தைச் சொல்லும்போது எட்டெழுத்து வடிவம் அமெரிக்க ஆய்விதழ்களிலும் சாதாரணம். 'டிராஃப்ட்' பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கடித வரைவுக்கும் வங்கி வரைவோலைக்கும் ஐந்தெழுத்து. கப்பல் நீரில் அமிழும் ஆழத்துக்கும் கதவிடுக்கில் வீசும் குளிர்காற்றுக்கும் ஏழெழுத்து. நீளமானதுதான் நாகரிகமானது என்று நம்பி வங்கி வரைவோலையை ஏழெழுத்தில் எழுதுகிறவரை முதல் வழி கைவிட்டுவிடும்.

முதல் வழி சறுக்கும் இன்னோர் இடம் நீதிமன்றத் தீர்ப்பு. 'ஜட்ஜ்மென்ட்' சொல்லில் ஜி-க்குப் பிறகு இ போட்ட ஒன்பதெழுத்து வடிவம் பிரிட்டிஷ் பொது வழக்கில் உண்டு. ஆனால் நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பு பிரிட்டனிலும் இ இல்லாத எட்டெழுத்துதான். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908இன் வரையறைப் பிரிவிலும் அதே எட்டெழுத்துதான். சட்டக் கல்லூரி மாணவர் 'முழுமையான' ஸ்பெல்லிங் என்று எண்ணி இ-யைச் சேர்த்தால், அந்த ஒரு எழுத்தே அவரை வெளியாள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

துறை அமைப்புகளின் முத்திரை அகராதியையும் மீறும். வேதிப்பொருட்களின் பெயர்களை வகுக்கும் உலக அமைப்பான ஐயுபிஏசி 1990இல் கந்தகத்துக்கு எஃப் போட்ட ஆறெழுத்து 'சல்ஃபர்' வடிவத்தை ஏற்றது. பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 1992இல் பின்தொடர்ந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் பி-எச் போட்ட வடிவமே பழக்கம். அது பள்ளித் தேர்வுக்குப் போதும். வேதியியல் ஆய்விதழுக்கு அனுப்பும்போது, கட்டுரை முழுக்கப் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் இருந்தாலும் கந்தகத்துக்கு எஃப் போடுங்கள். 'சல்ஃபேட்', 'சல்ஃபைட்' எல்லாவற்றுக்கும் அப்படியே. குறுகியதே ஜெயித்தது என்று அலுமினியத்திலும் கை வைத்துவிட வேண்டாம். அதில் ஐயுபிஏசி முன்வைப்பது நீளமான பிரிட்டிஷ் வடிவத்தை.

பொறியியல் வரைபடத்தில் ஒரு துளை தகட்டின் முழுக் கனத்தையும் ஊடுருவிப் போகிறது என்று காட்ட, விட்டத்தின் அளவுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கெழுத்துத் 'த்ரூ' போடுவதே வழக்கம். வரைபடம் தயாரிக்கும் கேட் மென்பொருள் தானாகவே அப்படிப் போட்டுத் தரும். பட்டறையில் அதைப் படிப்பவருக்கு அது சொல்லே அல்ல, குறியீடு. அந்த வரைபடத்தோடு போகும் விளக்க அறிக்கையிலோ ஏழெழுத்து வடிவம் வேண்டும். 'கோபால்' என்ற கணினி நிரல்மொழியில் 'பெர்ஃபார்ம்' கட்டளைக்குள் இரண்டு வடிவமும் ஒதுக்கப்பட்ட சொற்கள். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. பழைய மெயின்ஃபிரேம் நிரல்களில் பெரும்பாலும் நான்கெழுத்துதான் கண்ணில் படும். நிரலில் இருப்பதை ஆவணத்தில் மேற்கோளாகத் தரும்போது தொடாதீர்கள். அதை விளக்கும் வாக்கியத்தில் மட்டும் முழு வடிவத்தை எழுதுங்கள். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் நிரலில் 'கலர்' என்பதற்கு யூ போட்டால் உலாவி அந்த வரியையே கண்டுகொள்ளாது. லண்டனில் உட்கார்ந்து எழுதினாலும் அதுதான் கதி.

உணவுப் பொட்டலத்தில் வரும் நான்கெழுத்து 'லைட்' விசித்திரமான நடுநிலையில் நிற்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதி, ஐந்தெழுத்து வடிவத்தையும் நான்கெழுத்து வடிவத்தையும் ஒரே உரிமைகோரலாகவே நடத்துகிறது. பொதுவாக, வழக்கமான உணவைவிடக் கலோரி மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும், அல்லது கொழுப்பு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். ஆக அந்த லேபிளில் அது சட்டம் அங்கீகரித்த சொல். அதே நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 'எடை குறைவான பொதி' என்று சொல்ல அந்த நான்கெழுத்தை எடுத்தால் விளம்பர வாடை அடிக்கும். 'த்ரூ', 'நைட்' எல்லாம் அலுவல் நடையில் ஒட்டாததற்கும் இதே வாடைதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. அமெரிக்கச் சாலைப் பலகை, மோட்டல் விளக்கு, துரித உணவுக் கடை என்று விற்பனைக்கும் வழிகாட்டலுக்குமே அவை பல காலம் உழைத்துவிட்டன. 'கேட்டலாக்' அந்த வேலைக்குப் போகவில்லை.

பெயர்களை எந்த வழியும் தொடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் 'த்ரூவே' நெடுஞ்சாலை குறுகிய ஸ்பெல்லிங்கிலேயே பதிவான பெயர். அதை நீட்டித் திருத்துவது பிழை. ஆஸ்திரேலியாவில் உழைப்பு என்ற பொருளில் 'லேபர்' எழுதும்போது யூ வரும்; ஆனால் அந்நாட்டுத் தொழிற்கட்சியின் பெயரில் யூ கிடையாது. ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரில் 'லேபர்' யூ-வோடு பிரிட்டிஷ் முறையில் வரும், 'ஆர்கனைசேஷன்' இசட் போட்டு வரும். இது கலப்படமல்ல, ஐ.நா. அமைப்புகள் கைக்கொள்ளும் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்பெல்லிங். உலக உணவுத் திட்டத்தின் பெயரில் 'புரோகிராம்' ஒன்பதெழுத்து. அமெரிக்க ஸ்பெல்லிங்கில் எழுதும் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

சரி, கையிலிருக்கும் ஆவணத்துக்கு என்ன செய்வது?

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மூன்றாவது வழி முற்றிலும் மூடிய கதவு. பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டையும் தேர்வு ஏற்கிறது, எனவே 'கேட்டலாக்' எந்த வடிவமானாலும் கவலை இல்லை. கேட்டல், வாசித்தல் தாள்களில் ஸ்பெல்லிங் தவறினால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. எழுத்துத் தாளில் நான்கு அளவுகோல்களில் ஒன்றான சொல்வளத்துக்குள் ஸ்பெல்லிங்கும் அடக்கம். மூன்றெழுத்து 'தோ' அங்கே பிழையாகவும் விழும், பேச்சுநடையாகவும் விழும். வெறும் யூ எழுத்தால் 'யூ' என்று எழுதுவது, 'ப்ளீஸ்' சொல்லை மூன்றெழுத்தாக்குவது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசவே தேவையில்லை.

ஆய்விதழ் என்றால் அதன் ஆசிரியர் குறிப்புகளே சட்டம். எந்த வகை ஆங்கிலம் என்பதோடு சில இதழ்கள் அகராதியின் பெயரையும் சொல்லிவிடும். 'இரண்டில் ஒன்று, ஆனால் சீராக' என்று மட்டும் சொன்னால், கூட்டாசிரியர்கள் எழுதத் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள். இந்தியாவிலிருந்து ஒருவரும் அமெரிக்காவிலிருந்து ஒருவரும் ஆளுக்குப் பாதி எழுதி ஒட்டும் கட்டுரைகளில்தான் கலப்படம் அதிகம். வேலை விண்ணப்பத்தில் விளம்பரம் எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

ஒப்பந்தத்தில் பிரச்சினை ஸ்பெல்லிங்கோடு முடியாது. 'மார்ச் 1 த்ரூ மார்ச் 31' என்றால் அமெரிக்கருக்கு 31ஆம் தேதியும் சேர்த்தி என்பது தெளிவு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் அந்தச் சொல் புழக்கம் குறைவு. எனவே நான்கெழுத்தை ஏழெழுத்தாக நீட்டினாலும் அங்கே வேலை பாதிதான் முடிந்தது. 'டு' என்று மாற்றினால் கடைசி நாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற சண்டைக்கு இடம் கிடைக்கும். இந்திய அரசு ஆணைகளில் தேதிகளுக்குப் பின்னால் 'இரு நாட்களும் உட்பட' என்று ஆங்கிலத்தில் சேர்ப்பார்கள். பழைய பாணி என்று சிரிக்கலாம். ஆனால் வழக்குக்குப் போனால் நிற்பது அதுதான்.

'ஆல்ரைட்' தனி வழக்கு. 'ஆல்ரெடி' ஒட்டலாம், 'ஆல்டுகெதர்' ஒட்டலாம், இது மட்டும் கூடாது என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. சில அகராதிகள் ஏற்கவும் செய்கின்றன. ஆனால் செய்தியாளர்கள் பின்பற்றும் ஏபி நடைக் கையேடு இரண்டு சொல்லாகத்தான் எழுதச் சொல்கிறது. பல ஆசிரியர்கள் ஒட்டிய வடிவத்தைக் கண்டதும் பேனாவை எடுப்பார்கள். இதற்காக வாதாட வேண்டாம். அலுவல் எழுத்தில் அந்தச் சொல்லுக்கே பெரும்பாலும் வேலை இல்லை: 'திருப்திகரம்', 'ஏற்கத்தக்கது' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் விவகாரம் தீர்ந்தது.

அகராதியைப் பார்க்கும்போது சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடக் கூடாது. நான்கெழுத்துத் 'த்ரூ' எல்லாப் பெரிய அகராதியிலும் இருக்கிறது. அதன் பக்கத்தில் என்ன அடைமொழி இருக்கிறது என்பதுதான் விஷயம்: பேச்சு வழக்கு, வட அமெரிக்கா, குறைவாக வழங்கும் வடிவம் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். மெரியம்-வெப்ஸ்டரில் இரண்டு வடிவங்களுக்கு நடுவே 'ஆர்' இருந்தால் இரண்டும் சமம். 'ஆல்சோ' இருந்தால் பின்னது இரண்டாம் நிலை. அலுவல் எழுத்துக்கு முதலில் நிற்பதை எடுங்கள்.

பிழைதிருத்தியை நம்பி விட்டுவிடாதீர்கள். சொல் தன் பட்டியலில் உண்டா என்றுதான் அது பார்க்கும், இடத்துக்குப் பொருந்துமா என்று பார்க்காது. வேர்டில் இன்னொரு சிக்கல்: வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி, தன் பழைய மொழி அமைப்பையும் கூடவே கொண்டு வந்துவிடும். ஒரு பத்தி அமெரிக்க ஆங்கிலம், அடுத்தது இந்திய ஆங்கிலம் என்று ஆவணம் உள்ளுக்குள் பிரிந்து கிடக்கும். இரு வகை 'கேட்டலாக்'கும் சிவப்புக் கோடு விழாமல் தப்பிவிடும். ஆகவே கன்ட்ரோல்-ஏ அழுத்தி முழு ஆவணத்தையும் தேர்ந்து, ரெவ்யூ பகுதியில் லாங்வேஜ் போய் ஒரே மொழியை அமைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

பிறகு கன்ட்ரோல்-எச் கொண்டு தேடி மாற்றலாம். 'மோர்' பொத்தானை அழுத்தி, 'ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி' என்ற கட்டத்தில் குறியிட்ட பிறகே மாற்றுங்கள். இல்லையென்றால் நான்கெழுத்துத் 'த்ரூ'வைத் தேடும் கணினி 'த்ரஸ்ட்' சொல்லின் முதல் நான்கு எழுத்தையும் பிடித்து நீட்டிவிடும். ராக்கெட் பற்றிய அறிக்கை என்றால் பக்கத்துக்குப் பக்கம் நாசம். மூன்றெழுத்து 'தோ' இன்னும் மோசம்: 'தோஸ்', 'மெத்தட்', 'ஆத்தர்', 'தௌசண்ட்' எல்லாவற்றுக்குள்ளும் அந்த மூன்று எழுத்தும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 'நைட்' தேடினால் 'டெஃபினிட்', 'யுனைட்', 'கிரானைட்' மாட்டும். 'லைட்' தேடினால் 'எலீட்', 'சாட்டிலைட்', 'லிட்டரேச்சர்' மாட்டும். கட்டத்தில் குறியிட்டாலும் 'ரீப்ளேஸ் ஆல்' பக்கம் போகாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே நல்லது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் பிறர் வாசகம், நிறுவனப் பெயர், நிரல் வரி, இணைய முகவரி ஆகியவற்றில் இருக்கும் குறுகிய வடிவம் அப்படியே இருக்க வேண்டும். இணைய முகவரிக்குள் மூன்று எழுத்தைக் கூட்டினால் இணைப்பே உடைந்துவிடும், அதைப் பிழைதிருத்தி சொல்லவும் சொல்லாது.